கேமராவை இறக்கி வைத்த இடம்

ஜூன் 4

அக்காவுக்கு,

பன்னிரண்டு நாளாக உங்கள் போனுக்கு அடிக்கிறேன். ஒரே ஒரு தடவை அத்தை எடுத்து, "அவ கிடங்குக்குப் போயிட்டாளே" என்றார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கிடங்கு திறந்திருக்கிறது? பேச விருப்பமில்லை என்றால் சரி, எழுதுகிறேன். இதையும் பிரிக்காமல் வைத்துவிடுவீர்களோ என்ற பயம் எனக்கில்லை. ஒட்டிய உறை எதைக் கண்டாலும் பிரித்துப் பார்க்காமல் உங்களால் இருக்க முடியாது.

பஸ்ஸில் நான் பேசியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கழுகுக் கூட்டுக்காக நான் இரண்டு வருடம் அலைந்தது உங்களுக்குத் தெரியும். மூன்று பயணத்திலும் கூட இருந்தவர் நீங்கள். அன்று ஐந்து மணி நேரம் மழையில் அந்தப் பாறை விளிம்பில் உட்கார்ந்து எடுத்த படம் கேமராவுக்குள் இருக்கிறது. கேமரா, நீள லென்ஸ், சின்ன லென்ஸ், ட்ரைபாட், பேட்டரிகள், எல்லாமாகப் பதினாலு கிலோ. அதை மலைமேல் ஒரு பாறைக்கடியில் போட்டுவிட்டு வந்து, "கனமா இருந்துச்சு, வச்சுட்டேன்" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிட்டீர்கள்.

தூக்க முடியாவிட்டால் சொல்லியிருக்கலாமே! குளிரில் களைத்துப்போயிருந்தேன்தான், கீழே குடிலுக்கு எப்படி நடந்து வந்தேன் என்பதுகூடச் சரியாக நினைவில்லை. ஆனாலும் என் கேமராவை நானே தூக்கி வந்திருப்பேன்.

கோபம் இவ்வளவு ஏன் வருகிறது தெரியுமா? உங்களை மாதிரி மூட்டை கட்டுகிறவர்களை நான் பார்த்ததில்லை. உங்களுக்கு முன்னால் உதவிக்கு வந்தவர்கள் எல்லோரும் லென்ஸைப் பைக்கு அடியில் திணிப்பார்கள். நீங்கள்தான் முதல் நாளே, "கனமானது முதுகோட ஒட்டி, தோளுக்குக் கீழ வரணும், இல்லன்னா பை உன்னப் பின்னால இழுக்கும்" என்று எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டி மறுபடி கட்டினீர்கள். மூன்று பயணத்தில் ஒரு கீறல் விழவில்லை. அந்தக் கையா இப்படிச் செய்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பதிப்பகத்தார் ஜூலை கடைசிக்குள் படம் வேண்டும் என்கிறார்கள். நான் திரும்பப் போய்த் தேடப்போகிறேன். எந்த இடம் என்று மட்டும் எழுதுங்கள்.

சின்னவள்


ஜூன் 9

சின்னவளுக்கு,

இனிமே வீட்டுக்கு எழுதாத. கிடங்குக்கு எழுது, கண்ணாடிச் சாமான் கட்டற பிரிவுன்னு போட்டா என் மேசைக்கு வந்துரும். உன் கடிதத்த அத்தை வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டுத்தான் குடுத்தாங்க. நல்லவேளை கெட்டி உறை.

இடம் சொல்றேன். குடில்லேந்து மேல போற பாதையில நாலு கிலோமீட்டர். ஓடையத் தாண்டினதும் இடது கைப் பக்கம் கவுத்துப் போட்ட படகு மாதிரி ஒரு பாறை. அதுக்கடியில கிழக்குப் பக்கமா ஒரு பொந்து. வாசல்ல மூணு கல்லு அடுக்கியிருக்கேன், நடுக்கல்லு சிவப்பா இருக்கும்.

போட்டுட்டு வந்தேன்னு எழுதியிருக்க. நான் எதையும் போடறவ இல்ல. லென்ஸ் ரெண்டையும் அதோட உறையில போட்டு, கேமராவ என் துண்டுல சுத்தி, ஈரம் உறிஞ்சற பொட்டலம் கையில இருந்த பதினொண்ணையும் உள்ள வச்சு, அரிசி கொண்டுபோன பிளாஸ்டிக் பையில கட்டி, அதுக்கு மேல என் மழைக்கோட்டு. தரையில ட்ரைபாட படுக்க வச்சு அதுக்கு மேல வச்சிருக்கேன், தண்ணி வந்தா கீழாலயே ஓடிரும். ஒரு மாசம் தாங்கும். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல.

பெரிய பை என்கிட்ட இருக்கு. கிழிஞ்சிருக்கு. தச்சு அனுப்பறேன், அதுவரைக்கும் உன் வீட்டுக்காரர் கேட்டா ஏதாவது சொல்லிச் சமாளி.

உன் விரலெல்லாம் எப்படி இருக்கு? மரத்துப்போகுதா? டாக்டர்கிட்ட காட்டினியா?

ஒண்ணு சொல்லணும். அன்னிக்குக் கீழேந்து உன்னப் பாத்துக்கிட்டே இருந்தேன். மழ கொட்டுது, நீ அசையல. பாறையோட பாறையா உக்காந்திருந்த. எங்க கிடங்குல முப்பது பேர் வேல செய்யறோம், பத்து நிமிஷம் அப்படி ஒருத்தர உக்காரச் சொன்னா இடுப்பு வலிக்குது காலு வலிக்குதும்பாங்க. எனக்கு அத விட்டுக் கண்ண எடுக்கவே முடியல. மூணு தடவ கூப்பிட்டேன், உனக்குக் கேக்கல.

தனியா மேல போகாத. குடில்காரரக் கூட்டிட்டுப் போ.

பெரியவள்


ஜூன் 15

அக்காவுக்கு,

இடம் எழுதியதற்கு நன்றி. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபின் கோபம் கூடித்தான் இருக்கிறது.

சாமானைப் பாறைக்கடியில் வைத்துவிட்டுப் பையை மட்டும் கொண்டுவந்தீர்களா? கனம் என்றால் பையையும் அங்கேயே விட்டிருக்கலாமே. வெறும் பையையா நாலு கிலோமீட்டர் சுமந்தீர்கள்? அப்படியே சுமந்தாலும் வெறும் பை எப்படிக் கிழியும்? அந்தத் துணி கத்தி வைத்தால் ஒழியக் கிழியாது.

இந்த ஊரில் எல்லோருக்கும் பதில் சொல்லி அலுத்துவிட்டது. உங்கள் கொழுந்தன் சாப்பாட்டு மேசையில் மூன்று தடவை கேட்டுவிட்டார். "அண்ணி காரணம் இல்லாம ஒரு ஸ்பூனக்கூட இடம் மாத்தி வைக்க மாட்டாங்களே" என்கிறார். அவருக்கு என்ன, அண்ணி என்றால் தெய்வம். எனக்கு அப்படியெல்லாம் இல்லை. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்கு வந்த இரண்டு பேர், ஓரகத்திகள், ஒத்துப்போனால்தான் அதிசயம் என்று சொன்னவர்கள் வாயை அடைத்துவிட்டோம் என்று பெருமையாக இருந்தேன். அந்தப் பெருமை போய்விட்டது.

விரல் பரவாயில்லை. இடது கையில் இரண்டு நுனி மட்டும் கொஞ்சம் குறுகுறுக்கிறது. அதை ஏன் கேட்கிறீர்கள்? இரண்டு தொடையிலும் உள்பக்கம் கயிறு அறுத்த மாதிரி தழும்பு இருக்கிறது. எங்காவது சறுக்கியிருப்பேன்.

இருபதாம் தேதி கிளம்புகிறேன். அந்தப் பையில் அப்படி என்னதான் தூக்கி வந்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் புண்ணியமாகப் போகும்.

சின்னவள்


ஜூன் 18

சின்னவளுக்கு,

தேவையானதத் தூக்கிட்டு வந்தேன்.

போகும்போது காஞ்ச துணி ஒரு ஜோடி தனிப் பிளாஸ்டிக் பையில கட்டி எடுத்துக்க. பேட்டரிய உள்சட்டைப் பையில வை, குளுருல சார்ஜ் இறங்காது. நனைஞ்சா உடனே மாத்து. படம் எடுத்துட்டு மாத்திக்கலாம்னு இருக்காத.

இன்னிக்கு எட்டு மேசைக்கான கண்ணாடித் தட்டு போகுது, நிக்க நேரமில்ல.

பெரியவள்


ஜூன் 23, குடிலிலிருந்து

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நேற்று மதியம் இங்கே வந்து சேர்ந்தேன். குடில்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். ஏதோ செத்துப் பிழைத்தவளைப் பார்க்கிற மாதிரி. முதல் கேள்வியே, "கால்ல அந்தப் பை அறுத்த புண்ணு ஆறிடுச்சாம்மா?"

"எந்தப் பை?" என்றேன்.

அவர் முழித்தார். அன்று காலை நான் கண் விழித்தபோது அவர் இங்கே இல்லை, ஜீப்புக்குச் சொல்லக் கீழே போயிருந்தார். அதனால் என்னோடு அவர் பேசியதே நேற்றுத்தான் முதல் தடவை. "உங்களுக்குத் தெரியாதா? அவங்க சொல்லலையா? அப்ப நான் சொல்லலாமான்னு தெரியலையே" என்று தயங்கினார். நான் விடவில்லை. அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்து, டீ ஆறும்வரை சொல்லவைத்தேன்.

சாயங்காலம் ஆறு மணி இருக்குமாம். ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார். மழையில் பாதையிலே ஒரு உருவம், ஒரு உடம்பு, இரண்டு தலை. "பயந்தே போயிட்டேம்மா" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால் நீங்கள். முதுகில் அந்தப் பெரிய பை. பையின் அடியில் இரண்டு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக என் கால்கள் தொங்கிக்கொண்டிருந்தனவாம். பைக்குள்ளே, நாம் மலையில் படுக்கிற தூக்கப்பையை இடுப்புக்கு மேலே சுற்றி என்னை உட்காரவைத்து, வாரை என் கைக்கடியில் கொடுத்துக் கட்டியிருந்தீர்களாம். உங்கள் இரண்டு முட்டியும் தோல் உரிந்து, காலுறை சிவப்பாக இருந்ததாம்.

அவர் பையைத் தாங்கக் கை நீட்டியதும் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? உங்களுக்கு நினைவிருக்காது. "சாய்க்காதீங்க. நேரா இறக்குங்க. கீழ ஏதாவது மெத்துனு போடுங்க." கண்ணாடி இறக்குகிற மாதிரி.

ராத்திரி முழுக்க வென்னீர் பாட்டிலைத் துணியில் சுற்றி என் அக்குளில் மாற்றி மாற்றி வைத்தீர்களாம். நான் நடுங்குவதை நிறுத்திவிட்டிருந்தேனாம். "நடுங்காம இருந்தாத்தாம்மா ஆபத்து. இன்னும் ஒரு மணி நேரம் மேலேயே இருந்திருந்தா நான் ஜீப்புக்குச் சொல்லப் போயிருக்க மாட்டேன், வேற எதுக்கோ போயிருப்பேன்" என்றார்.

நான் என்ன எடை? நாற்பத்தாறு கிலோ. நனைந்த துணியோடு ஐம்பது. நடந்து வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே அக்கா. நடந்தேன் என்று சண்டை வேறு போட்டேனே.

இன்று காலை அவரோடு மேலே போனேன். படகுப் பாறை, சிவப்புக் கல், எல்லாம் நீங்கள் எழுதியபடியே. மழைக்கோட்டை அவிழ்த்து, பிளாஸ்டிக்கை அவிழ்த்து, துண்டை அவிழ்த்து, கேமராவைக் கையில் எடுத்தபோது அது கடையிலிருந்து வந்த மாதிரி காய்ந்திருந்தது. லென்ஸில் ஒரு புள்ளி பூஞ்சை இல்லை. குடில்காரர் அந்தக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத அந்த அவசரத்துலயா கட்டினாங்க?" என்றார். எனக்கும் அதே கேள்விதான். ஒருத்தி நினைவில்லாமல் பக்கத்தில் சரிந்து கிடக்கும்போது, முடிச்சு ஒவ்வொன்றையும் ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி எப்படிப் போட்டீர்கள்?

சாமானை என் தோளில் போட்டுக்கொண்டு அதே பாதையில் இறங்கினேன். அவர் வாங்கிக்கொள்கிறேன் என்றார், கொடுக்கவில்லை. நல்ல வெயில், காய்ந்த பாதை, பதினாலு கிலோ. ஓடையைத் தாண்டியதுமே சாமானை இறக்கி வைத்தேன். ஏழு இடத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு இடத்திலும், இதைப்போல மூன்றரை மடங்கு, மழையில், வழுக்கலில் என்று கணக்குப் போட்டுப் போட்டு அழுகை வந்துவிட்டது. குடில்காரர் நல்ல மனிதர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் சொல்லவில்லை? கடிதத்தில் அவ்வளவு கொடூரமாக எழுதினேன். அப்போதுகூட ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

சின்னவள்


ஜூலை 1

சின்னவளுக்கு,

அந்த ஆளுக்கு வாய் நிக்காதுன்னு அன்னிக்கே நெனச்சேன்.

ஏன் சொல்லலன்னு கேட்டா, ரெண்டு மூணு காரணம் இருக்கு. எது பெருசு எது சின்னதுன்னு எனக்கே தெரியல.

எங்க கிடங்குல ஒருத்தர் இருந்தார், மேல் அடுக்குலேந்து பெட்டி இறக்கறதுல கெட்டிக்காரர். ஒரு நாள் ஏணி சறுக்கிச்சு, கீழ நாலு பேர் புடிச்சுட்டாங்க. அடி ஒண்ணும் இல்ல. ஆனா எல்லாரும் சுத்தி நின்னு "தலை அந்தத் தூண்ல பட்டிருந்தா நீ காலி"ன்னு ஒரு வாரம் சொல்லிச் சொல்லி, அவர் அப்புறம் ஏணி ஏறவே இல்ல. இப்ப பில் ஒட்டறார். நீ கண்ணு முழிச்சதும் அவர் ஞாபகம்தான் வந்துச்சு. இவளும் இனிமே ஜன்னல் ஓரமா உக்காந்து பூந்தொட்டியப் படம் எடுப்பாளோன்னு இருந்துச்சு. மனசு வரல.

ரெண்டாவது, வீடு. உண்மை தெரிஞ்சா அண்ணனும் தம்பியும் சேந்துக்கிட்டு இனி மலையும் வேண்டாம் மண்ணும் வேண்டாம்னு கதவச் சாத்திருவாங்க. உனக்கு அது தொழில். எப்படியாவது பேசிச் சமாளிச்சுருவ. எனக்கு? வருஷத்துல அந்த அஞ்சு நாள்தான் மூணு ரூம்லேந்தும் யாரும் என்னக் கூப்பிடாத நாள். உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு, அதுல என் சுயநலமும் இருக்கு.

அன்னிக்கு நடந்தத நீ கேக்கலன்னாலும் சொல்றேன். நீ இறங்கி வந்தப்போ மேல்சட்டையக் கழட்டிட்டு "வேர்க்குதுக்கா"ன்ன. பேச்சு குடிச்சவ மாதிரி இருந்துச்சு. நாம போட்டிருந்த கூடாரத்துக்குள்ள ஓடைத்தண்ணி வந்துருச்சு, ஒரு தூக்கப்பைதான் பாதி காஞ்சிருந்துச்சு. அத உன் மேலுடம்புல சுத்தினேன். கொஞ்ச தூரம் உன்னத் தோள்ல சாய்ச்சு நடத்திப் பாத்தேன், படகுப் பாறைகிட்ட நீ உக்காந்துட்ட, எந்திரிக்கல. பைய வெட்டினேன். உன் பைய வெட்டறப்போ யோசிக்கவே இல்ல, தெரியுமா? கேமராவ எடுத்து வைக்கறப்போதான் யோசிச்சேன்.

வைக்கறதுக்கு முன்னால ஒரு பட்டன அமுக்கிப் பாத்தேன். அந்தப் படம் வந்துச்சு. கழுகு நனைஞ்சு போயி, ரெண்டு இறக்கையையும் கூடாரமா விரிச்சுக்கிட்டு நிக்குது. கீழ அந்தக் குஞ்சு, ஒரு சொட்டு நனையாம, நம்மளப் பாக்குது. நான் இத்தன நாளா நீ எடுத்த படத்தெல்லாம் "நல்லாருக்கு நல்லாருக்கு"ன்னு சொல்லியிருக்கேன். சும்மாச் சொன்னதுதான். அன்னிக்கு அந்த மழையில நின்னு பாத்தப்பதான் நீ யாருன்னே எனக்குத் தெரிஞ்சுது. இவ இதுக்காகத்தான் உக்காந்திருந்தா, உக்காரலாம், தப்பே இல்லன்னு தோணிச்சு. அதனாலதான் பத்து நிமிஷம் செலவழிச்சு ஒழுங்காக் கட்டினேன். அந்தப் பத்து நிமிஷம் செஞ்சது சரியா தப்பான்னு இன்னைக்கும் தெரியல.

வழியெல்லாம் நீ என் காதுகிட்ட ஏதோ கேமராவுல வைக்கற நம்பரா சொல்லிக்கிட்டே வந்த. ஐந்நூறுல ஒண்ணு, எட்டுன்னு. நம்பர் நின்னா உலுக்குவேன். திரும்ப ஆரம்பிப்ப. அது கேட்டுக்கிட்டிருந்த வரைக்கும் என் கால் நடந்துச்சு.

ஒண்ணே ஒண்ணு. பஸ்ஸுல நீ, "கூலிக்கு ஒரு ஆளப் புடிச்சிருந்தாக்கூட இப்படி விட்டுட்டு வந்திருக்க மாட்டான்"ன்ன. பின்னாடி சீட்டுக்காரங்க திரும்பிப் பாத்தாங்க. அத மட்டும் நீ திரும்ப வாங்கிக்கணும். மத்ததெல்லாம் போகட்டும்.

பெரியவள்


ஜூலை 7

அக்கா,

வாங்கிக்கொண்டேன். அந்த வார்த்தையை மட்டுமல்ல, முதல் கடிதம் முழுவதையும். நேரில் வந்து உங்கள் காலைப் பிடித்துச் சொல்லலாம் என்றிருக்கிறேன், ஆனால் முட்டியில் புண் ஆறியிருக்கிறதா என்று நீங்கள் இன்னும் எழுதவே இல்லை.

படத்தைப் பதிப்பகத்தார் பார்த்தார்கள். பதிப்பாசிரியர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு புத்தக அட்டைக்கு இதுதான் என்றார். எனக்குச் சந்தோஷம் பாதிதான் வந்தது.

உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். உங்கள் கொழுந்தனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதத்தில் உள்ளதைத் தவிர, அது நம் இரண்டு பேருக்குள். அவர் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. "அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் போனை எடுத்துவிட்டார். உங்கள் வீட்டில் என்ன புயல் அடித்துக்கொண்டிருக்கிறதோ! திட்டுங்கள். ஆனால் உங்களைப் பற்றி எல்லோரும் தப்பாகவே நினைத்துக்கொண்டிருக்க, நான் அட்டைப்படத்தைக் காட்டிக்கொண்டு திரிய முடியாது.

இன்னொன்று. நீங்கள் பயந்தது நடந்துவிட்டது. நேற்று மழையில் பஸ் நிறுத்தத்தில் நின்றேன், கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. குளிரே இல்லை. வீட்டுக்கு வந்து கேமராவைத் துடைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஏப்ரலில் மலை ஆடுகள் குட்டி போடும் சமயம், வடக்குச் சரிவில் படம் எடுக்கச் சொல்கிறார்கள். இன்னும் சரி என்று சொல்லவில்லை. போனால் சின்ன லென்ஸ் வேண்டாம், பேட்டரி பாதி போதும், கனமான ட்ரைபாட் வேண்டாம், கல்லின்மேல் ஒரு துணிப்பை வைத்து அதில் சாய்த்து எடுத்துக்கொள்வேன். ஒன்பது கிலோ வருகிறது. அதை நானே தூக்குவேன்.

நீங்கள் வருவீர்களா? எனக்குச் சுமக்க ஆள் வேண்டாம். நான் எப்போது எழுந்து வர வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. அதைச் சொல்ல ஒருவர் கூட இருந்தால் நான் மறுபடி உட்கார்ந்துவிடுவேன் என்று தோன்றுகிறது.

சின்னவள்


ஜூலை 14

சின்னவளுக்கு,

முட்டி ஆறிப் பல நாளாச்சு. காலெல்லாம் புடிக்க வேண்டாம், எனக்குக் கூச்சம்.

புயலா? கேளு. போன் வந்ததும் எங்க வீட்டுக்காரர் ஹாலுக்கு வந்து என்ன மேலேந்து கீழ பாத்தார். பதினெட்டு வருஷத்துல அப்படிப் பாத்ததில்ல. "நாலு கிலோமீட்டரா?"ன்னார். ஆமான்னேன். "அவளையா? தூக்கிக்கிட்டா?" ஆமான்னேன். அப்புறம் என்ன தோணிச்சோ, திரும்பி முதுகக் காட்டி நின்னு, "ஏறு"ன்னார்.

"என்னங்க, வயசான காலத்துல"ன்னேன்.

"ஏறுன்னா ஏறு."

அத்தை கதவுகிட்ட நிக்கறாங்க, பசங்க ரெண்டு பேரும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறாங்க. ஏறினேன். வாசப்படி இறங்கி, கேட்டு வரைக்கும் போனார். எதிர்வீட்டு ஆசிரியர் பேப்பர மடிச்சுட்டுப் பாக்கறார். கேட்டுகிட்ட இறக்கிவிட்டுட்டு சுவத்தப் புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கினார். இருபது அடி இருக்கும். அப்புறம், "நீ என்கிட்ட இதச் சொல்லியிருக்கலாம்டி"ன்னார். திட்டற குரல் இல்ல அது. அவர் சட்டையில ஒட்டின சுவத்துத் தூசியத் தட்டிவிட்டேன்.

கதவச் சாத்துவாங்கன்னு நான் நெனச்சேன் பாரு, யாரும் சாத்தல. அத்தை மட்டும், "அடுத்த தடவ போறப்போ உருப்படியா ரெண்டு தூக்கப்பை எடுத்துட்டுப் போங்கடி"ன்னு சொல்லிட்டு டிவி பாக்கப் போயிட்டாங்க. நாமதான் அவங்கள ஒழுங்காப் புரிஞ்சுக்கல போல.

கை நடுங்குறதப் பத்தி. நடுங்கட்டும். எனக்கும் ராத்திரி தூக்கத்துல அந்தப் பாத வருது. அலமாரியத் தெற, கேமராவ வெளிய எடுத்து மேசமேல வை. படம் எடுக்க வேண்டாம், சும்மா கண்ணுல படுற மாதிரி இருக்கட்டும்.

ஏப்ரலுக்கு இன்னிக்கே லீவு எழுதிக் குடுத்துட்டேன். மேலாளர், "ஒன்பது மாசம் முன்னாடியா?"ன்னார். ஆமான்னேன். ஒன்பது கிலோவ நீ தூக்கு, மத்ததெல்லாம் எனக்கு. ஆனா பைய நான்தான் கட்டுவேன், அதுல பேச்சே இல்ல.

எப்ப எழுந்து வரணும்னு சொல்ல ஆள் வேணும்னு எழுதியிருக்க. சொல்றேன். நீ உக்காரு, எவ்வளவு நேரம் வேணா உக்காரு, அந்த ஆடு தலையத் தூக்கற வரைக்கும் உக்காரு. நான் கீழேந்து ரெண்டு தடவ கூப்பிடுவேன். மூணாவது தடவ கூப்பிட மாட்டேன், ஏறி வந்துருவேன்.

பெரியவள்